ஐம்பத்திரண்டு நிமிடம்

கடலோரத்தில் குடியிருப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறையாவது வயர் முனைகளைக் கழற்றித் துடைத்து வைப்பது நல்லது. கல்முனைக்குடியில், கடற்கரையிலிருந்து இரண்டு வளவு தள்ளி இருக்கும் நம் வீடுகளில் புது ஆணிகூட இரண்டு மழைக்குள் சிவந்துவிடும். செம்பு என்றால் பச்சை பிடிக்கும். ஆட்கள் கொம்பியூட்டரைப் பூப்போட்ட துணியால் மூடி வைப்பார்கள், வயர் போகும் பின்பக்கத்தைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். பிறகு, ஷைத்தான் பிடித்த மாதிரி நிற்கிறது, வந்து பாருங்கள் டீச்சர் என்று என்னைக் கூப்பிடுவார்கள்.

றினாஸ் மகன், டோஹாவிலிருந்து நீ அனுப்பிய குரல் செய்தி நேற்றுக் காலை கிடைத்தது. இரண்டு தரம் கேட்டேன்.

"டீச்சர், உம்மா மவுத்தான வெள்ளிக்கிழமை லெப்டொப்புல பதிஞ்சி இரிக்கிறத எடுத்துப் பாத்தன். காலையில இருந்து பகல் கரண்ட் போகும் வரைக்கும் வோல்ட் இருநூத்தி முப்பத்தொண்டு தசம் நாலுல நிக்கிது. ஒரு புள்ளி அசையல்ல. நம்மட ஊர்ல இது நடக்கிற காரியமா?"

நடக்காது மகன். கல்முனையில் கரண்ட் ஒரு நாளும் ஒரே இடத்தில் நின்றதில்லை. ஐஸ் கம்பனி மெசினைப் போட்டால் இறங்கும், நிறுத்தினால் ஏறும். நீ சரியாகப் பிடித்திருக்கிறாய். பத்தாம் வகுப்பில் மவுஸைப் பிரித்து உள்ளே இருந்த உருண்டையை எடுத்துக் கோலி விளையாடியவன்தான் நீ. உன் வாப்பா வந்து, "இவன் உருப்படமாட்டான் டீச்சர், கடலுக்கு அனுப்பப் போறன்" என்றார். நான்தான் மறித்தேன். அந்த வகையில் உனக்குப் படிப்பித்தது வீண்போகவில்லை.

நீ கேட்டது சின்னக் கேள்வி. அரைப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அரைப் பதில் சொன்னால் உம்மா செத்த பழி உன் தங்கச்சி றுஸ்தாவின் தலையில் போய் நிற்கும். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். இதை நீ பொலிசில் காட்ட வேண்டி வரும், அவர்களுக்கும் ஒழுங்காக விளங்க வேண்டும்.

உன் உம்மா ஹாஜறாவுக்குச் சுவாசப்பை நார் பிடித்துச் சுருங்கிக்கொண்டு வந்தது. மருந்தில்லை, இராப்பகலாக ஒக்சிஜன் வேண்டும் என்று டொக்டர் சொல்லி ஒன்றரை வருஷம். காற்றிலிருந்து ஒக்சிஜனைப் பிரித்து எடுக்கும் மெசினை நீ வாங்கி அனுப்பினாய். கரண்ட் போனால் மெசின் நிற்கும், மெசின் நின்றால் உம்மா நிற்பா. ஆகவே ஒரு பெரிய யூபிஎஸ் வாங்கி, மெசினை அதில் கொழுவினாய். யூபிஎஸ்ஸிலிருந்து ஒரு யூஎஸ்பி வயரை லெப்டொப்புக்கு இழுத்தாய். பட்டரி இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்பது திரையில் பெரிய எழுத்தில் வரும். கரண்ட் போய் வீட்டு நெட் நிற்கும் வரைக்கும் அதே எண் டோஹாவில் உன் போனுக்கும் வரும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒக்சிஜன் நிரப்பிய சிலிண்டர் ஒன்று. திரையில் பதினைந்து என்று வந்தால் மெசின் குழாயைக் கழற்றிச் சிலிண்டரில் மாட்ட வேண்டும் என்று கடுதாசியில் எழுதிச் சுவரில் ஒட்ட வைத்தாய். நல்ல ஏற்பாடு. இதைவிட ஒழுங்காக நானே செய்திருக்கமாட்டேன். ஒரேயொரு பலவீனம், வீட்டில் எல்லாரும் அந்த எண்ணை நம்பினார்கள்.

ஒக்டோபரில் உன் வாப்பா மவுத்தானார். உம்மா இத்தா இருந்தா. நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் முகம் அந்த அறைக்குள் வரக்கூடாது. யூஎஸ்பி வயர் அந்த நேரம் பார்த்துத்தான் கரைச்சல் கொடுக்கத் தொடங்கியது. பஸாரிலிருந்து ஒரு பொடியன் வந்து கேற்றுக்கு வெளியில் நின்று, "ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். உள்ளே போகக்கூடியவன் உன் மச்சான், றுஸ்தாவின் புருஷன் முஸ்தாக் ஒருவன்தான். மோட்டார் சைக்கிள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான், கொம்பியூட்டரைத் தொட்டால் அவனுக்கு வியர்த்துவிடும். நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து பொம்பிளைகள் தனியாக இருக்கும் வீடுகளுக்குத் திருத்தப் போகிறேன். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை இத்தா வீடுகளுக்குள் ஸ்குரூ டிரைவரோடு போகக்கூடிய ஒரே ஆள் நான். அதிலும் நான் மதிலுக்கு அடுத்த பக்கம். றுஸ்தா என்னைக் கூப்பிட்டதில் ஒரு பிழையும் இல்லை.

"வாங்க டீச்சர். கரண்ட் இரிக்கக்கொள்ள எல்லாம் ஒழுங்காக் காட்டுது. கரண்ட் போன ஒடன, தொடர்பு இல்ல எண்டு நிக்கிது" என்றாள்.

"கலியாண வீட்டுக்கு வாற சொந்தக்காரன் மாதிரி" என்றேன். "சோறு போடக்கொள்ள முன்னுக்கு இரிப்பான். சட்டி கழுவக்கொள்ள ஆளக் காணக் கிடைக்கா."

உன் உம்மா கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தா. மூக்கில் குழாய். "சிரிக்க வெக்காதிங்க ராத்தா. மூச்சு வாங்குது" என்றா.

முதலில் வயர் முனைகளைப் பார்த்தேன். எதிர்பார்த்தபடி பச்சை. ஸ்பிரிட் தொட்டுப் பஞ்சால் துடைத்தேன். மெயினை நிறுத்திப் பார்த்தால், திரும்பவும் தொடர்பு இல்லை. என்னிடம் இருந்த புது வயரைப் போட்டேன். அதே கதை. வேறு துளையில் கொழுவினேன். அதே கதை. அப்போதுதான் வயரை விட்டுவிட்டு லெப்டொப்பைப் பார்த்தேன். கரண்ட் போனால் லெப்டொப் தன் சொந்தப் பட்டரியில் ஓடும். பட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக யூஎஸ்பி துளைகளைத் தூங்க வைக்கும்படி ஒரு செட்டிங் போட்டிருந்தது. முஸ்தாக்கின் கூட்டாளி யாரோ நல்ல மனதோடு செய்த வேலை. வீட்டில் கள்ளன் வரும் நேரத்துக்குக் காவலாளியைப் படுக்கச் சொன்ன மாதிரி. அந்தச் சரி அடையாளத்தை எடுத்துவிட்டேன். மெயினை நிறுத்தினேன். தொடர்பு அறவில்லை, உறுதியாக நின்றது. மொத்தம் இருபது நிமிட வேலை.

அதுவரைக்கும் நான் திருத்த வந்தவள்தான். இதை நீ நம்ப வேண்டும்.

தொடர்பு ஒழுங்காகக் கிடைத்ததும் யூபிஎஸ் பல நாளாகச் சொல்ல நினைத்திருந்ததை ஒரேயடியாகச் சொன்னது. பட்டரி பழுது, மாற்றவும். இந்தப் பாரத்துக்குப் பதினாலு நிமிடம் தாங்கும். புதிதில் ஐம்பத்திரண்டு தாங்கியது உனக்கு நினைவிருக்கும். வீட்டில் எல்லாருடைய வாயிலும் அந்த ஐம்பத்திரண்டுதான். றுஸ்தா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். உன் உம்மாவிடம் கண்ணாடி இல்லை. திரையைப் பார்த்தது நான் மட்டும்.

"மகள், இதுக்குப் பட்டரி மாத்தணும்" என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அதற்குள் உன் உம்மா கதைக்கத் தொடங்கிவிட்டா.

"ராத்தா, அந்தக் கீ கீ சத்தத்த நிப்பாட்டேலாதா? கரண்ட் போற நேரமெல்லாம் பெட்டி கிடந்து கத்துது. யாஸீன் ஓதக்கொள்ள கொழம்பிப் போகுது."

"கொம்பியூட்டர் சொல்லும்தானே டீச்சர்" என்று குசினியிலிருந்து றுஸ்தாவும் சொன்னாள். "அது கத்தத் தேவல்ல. உம்மா திடுக்கிட்டுப் போறா."

சத்தத்தை நிறுத்திக் கொடுத்தேன். அவர்கள் கேட்டார்கள், நான் செய்தேன். ஒக்சிஜன் மெசினுக்குள்ளும் ஒரு சின்ன அலாரம் இருக்கிறது, அதன் பட்டரி எப்போதோ செத்துவிட்டது. அதையும் அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு உன் உம்மா உன் வாப்பாவைப் பற்றிச் சொன்னா. "அவருக்கு அல்லா நல்ல மவுத்தக் குடுத்தான் ராத்தா. நானூறு பேருக்கு மேல தொழுதாங்களாம். நல்ல காஞ்ச மணலாம், ஒவ்வொருத்தரும் கையால அள்ளிப் போட்டாங்களாம். மனிசனுக்குக் கடைசில வேறென்ன வேணும்?"

என்னைக் குத்த வேண்டும் என்று அவ அதைச் சொல்லவில்லை. எனக்கு அது தெரியும். புருஷனை இழந்தவள், தனக்குக் கிடைத்த ஆறுதலைச் சொன்னா. "ஓம் கா, வேறென்ன வேணும்" என்றேன்.

என் புருஷன் ஜெமீலை உனக்குத் தெரியும். நீ ஊருக்கு வந்தால் முதலில் அவருடைய சைக்கிள் கடை வாங்கில்தான் வந்து குந்துவாய். இரண்டாயிரத்து இருபது டிசம்பரில் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் மவுத்து. அன்றைய சட்டம் உனக்கு மறந்திருக்காது. கொரோனாவில் போன ஆளை, எந்த மார்க்கத்து ஆளாக இருந்தாலும், எரிப்பார்கள். குளிப்பு இல்லை, கபன் துணி இல்லை, தொழுகை இல்லை. நான் கால் வைக்காத ஓர் ஊரில் எரித்தார்கள். ஊரின் பெயரைக்கூட மரணப் பத்திரத்தில் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன். அவர் போய் அறுபத்தெட்டாம் நாள் சட்டத்தை மாற்றி அடக்க விட்டார்கள். அப்போது நான் இத்தாவில் இருந்தேன். ரேடியோவில் கேட்டுவிட்டு எழும்பிப்போய், காயப்போட்ட உடுப்பை மடித்து வைத்தேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜெமீல் அந்த வண்டியில் ஏறியது உன் உம்மாவின் வாயால். இதை ஊரில் நான் பெயர் சொல்லிச் சொன்னதில்லை. யாரோ அயலவர் ஒருவரால் வந்த வினை என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன், நீயும் அப்படித்தான் கேள்விப்பட்டிருப்பாய். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

றுஸ்தா தேத்தண்ணியும் மஸ்கட் இனிப்பும் கொண்டுவந்து வைத்தாள். "இன்னும் கொஞ்ச வேல கிடக்கு மகள்" என்றேன்.

அந்த மென்பொருளில் ஒரு பரீட்சை முறை இருக்கிறது. யூபிஎஸ் இல்லாமலே பழகிப் பார்ப்பதற்காக வைத்தது. அதைப் போட்டால், பெட்டி சொல்வதைக் கேட்காது, ஒரு ஃபைலில் எழுதி வைத்த எண்களை வாசித்துத் திரையில் காட்டும். அந்த ஃபைலை நான் எழுதினேன். பட்டரி நூறு வீதம். தாங்கும் நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம். வோல்ட், நீ கண்டுபிடித்த அதே எண். கரண்ட் போனதை லெப்டொப் தன் சாஜரை வைத்தே அறியும். அறிந்த உடனே ஐம்பத்தொன்று, ஐம்பது, நாற்பத்தொன்பது என்று நிமிடத்துக்கு ஒன்றாகக் குறையும்படி செய்தேன். கரண்ட் வந்தால் மெல்ல மெல்லத் திரும்ப ஏறும். வோல்டையும் அப்படி ஆட்டி விட்டிருக்க வேண்டும். மஸ்கட் கையில் ஒட்டிக்கொண்டது, கழுவப் போய் வந்ததில் மறந்துவிட்டேன். அது என் கவனக்குறைவு.

யூஎஸ்பி வயரை நான் பிடுங்கவில்லை. அது கொழுவியபடியேதான் இருந்தது. பெட்டி கடைசி வரைக்கும் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். கேட்கத்தான் ஆள் இல்லை.

பிறகு மூன்று கிழமை ஒன்றும் செய்யவில்லை. மாரிக் காலம். கரண்ட் ஐந்து நிமிடம் போகும், ஏழு நிமிடம் போகும், வரும். றுஸ்தா மதிலுக்கு மேலால் எட்டி, "டீச்சர்ட கை ராசியான கை. இப்ப ஒரு கரச்சலும் இல்ல" என்பாள். நீயும் டோஹாவிலிருந்து நன்றி சொல்லி, எனக்கு ஒரு போத்தல் அத்தர் கொடுத்தனுப்பினாய். அதைத் திறக்கவில்லை, அப்படியே இருக்கிறது. ஒக்சிஜன் மெசின் இரைவது என் குசினிக்குக் கேட்கும். அதோடு குடியிருப்பவர்களுக்குக் காது பழகிவிடும், அவர்களுக்குக் கேட்காது. எனக்குக் கேட்டது. ஒவ்வொரு மூச்சாகக் கேட்டது.

டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமைகளில் நான் ஜெமீலுக்காக யாஸீன் ஓதி, நெய்ச்சோறு ஆக்கி, அயலுக்கு நார்சாவாகப் பங்கிட்டுக் கொடுப்பது வழக்கம். அன்றைக்கும் ஆக்கியிருந்தேன். பன்னிரண்டு ஐந்துக்குக் கரண்ட் போனது. நல்ல காற்று, எங்கேயோ கொப்பு முறிந்து லைனில் விழுந்திருக்க வேண்டும். ஆம்பிளைகள் எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். முஸ்தாக்கும் பள்ளியில். ஒழுங்கைக்குள் ஒரு சைக்கிள்கூட இல்லை.

மதிலடியில் நின்று கூப்பிட்டேன். "றுஸ்தா மகள், சோறு ஆறப் போகுது. ஏனத்தோட வாங்க."

"கரண்ட் இல்ல டீச்சர். உம்மா தனிய."

"எத்தின காட்டுது?"

அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஐம்பத்தொண்டு."

"அப்ப என்ன? பத்து நிமிசத்தில போகலாம்."

உம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். ஐம்பத்தொரு நிமிடம் இருக்கும்போது அடுத்த வீட்டுக்குப் பத்து நிமிடம் போய் வருவது கவனமில்லாத வேலை அல்ல. நீ ஒட்டிய கடுதாசியில் எழுதியிருந்தபடிதான் அவள் நடந்தாள். இதை நன்றாக வாசி மகன்.

அவளுடைய சட்டியை நிரப்பி மூடினேன். பிறகு, "கை உளையுது மகள். மத்த வீடுகளுக்கு இத நாலஞ்சி பார்சலாக் கட்டித் தாங்களன்" என்றேன். பெரிய மனிசி கேட்டால் அந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லாது. குந்தியிருந்து கட்டினாள். பள்ளியில் குத்பா ஓதுவது ஜெனரேட்டர் சத்தத்தோடு கேட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய மாமியாரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க ஏதோ சொன்னாள். நானும் சிரித்தேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் இரைச்சல் நின்றது. பன்னிரண்டு இருபதுக்குக் கொஞ்சம் முந்தி. பெட்டி சொன்ன கணக்குச் சரி.

றுஸ்தா வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கவனிக்கவில்லை. நான் கறியை அள்ளி அள்ளி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் உலோகம் தட்டும் சத்தம் வந்தது. உன் உம்மா தண்ணி குடிக்கும் சில்வர் குவளையால் கட்டில் கம்பியில் தட்டுகிறா என்று எனக்கு விளங்கியது. விட்டு விட்டுத் தட்டினா.

றுஸ்தா தலையை நிமிர்த்தினாள். "என்ன டீச்சர் அந்தச் சத்தம்?"

"முருங்கக் கொப்பு கா. காத்துக்குத் தகரத்தில அடிக்கிது. நாளைக்கு ஆள் புடிச்சி வெட்டணும்."

"பயந்துட்டன்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.

தட்டுவது பன்னிரண்டு தரம் கேட்டது. பதின்மூன்றாவதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பிறகும் அவளை இருபது நிமிடம் வைத்திருந்தேன். ஊறுகாய்ப் போத்தல் எடுத்துக் கொடுத்தேன். வட்டிலப்பம் எப்படி இறுகுவதென்று கேட்டாள், முட்டைக் கணக்கு முழுவதும் சொல்லிக் கொடுத்தேன். அவள் போகும்போது திரையில் பதினாறு என்று இருந்திருக்கும்.

கத்தும் சத்தம் கேட்டு நானும் ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டியது நான்தான். பிரயோசனம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் யாராவது செய்யத்தானே வேண்டும். ஜும்ஆ முடிந்து முஸ்தாக் வந்தபோது, முற்றத்தில் அவனைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிப்போனதும் நான்தான்.

உம்மாவின் மையத்தைக் குளிப்பாட்டியது மூன்று பேர். நான் தலைமாட்டில் நின்றேன். கற்பூரத் தண்ணியை ஊற்றினேன், தலைமயிரை மூன்றாகப் பிரித்துப் பின்னினேன், கபனை மடித்துக் கொடுத்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி நிறைய ஆட்கள் தொழுதார்கள். உன் வாப்பாவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. நீ டோஹாவிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தாய். யோசித்துப் பார் மகன், உன் உம்மாவுக்கு நான் ஒன்றையும் குறைக்கவில்லை. என் புருஷனுக்குக் கிடைக்காத எல்லாம் அவவுக்குக் கிடைத்தது.

ஃபைலை அழித்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அறை முழுக்க ஓதும் பொம்பிளைகள், நேரம் கிடைக்கவில்லை. அடுத்த நாள் முஸ்தாக் எல்லா வயரையும் சுருட்டி லெப்டொப்போடு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான். பிறகு நீ சொல்லி அவன் பதிவை அனுப்பினான். மற்றது உனக்குத் தெரியும்.

றுஸ்தா ஒவ்வொரு நாளும் இங்கே வருகிறாள். வந்து, "பதினஞ்சி வரக்கு முந்தி நான் போனன் தானே டீச்சர்? நான் பாத்தது ஐம்பத்தொண்டுதானே?" என்று கேட்பாள். நான், "ஓம் மகள், அல்லாட நாட்டம்" என்பேன். முஸ்தாக் ஒரு நாள் அவளிடம், "கண் தெரியாதவளுக்கு எண்ணப் பாக்கக் குடுத்திரிக்கி" என்று சொன்னானாம். நீயும் அவளோடு கதைப்பதில்லையாம். கதை மகன். அவள் சாப்பிடுவதில்லை. எனக்கு அவள் மேல் ஒரு கோபமும் கிடையாது.

உன் கேள்வி வராவிட்டாலும் ஒரு நாள் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன். உன் உம்மா குவளையைத் தட்டும்போது, கரண்ட் காரனைத்தான் நினைத்திருப்பா, இல்லாவிட்டால் றுஸ்தா ஏன் இன்னும் வரவில்லை என்று நினைத்திருப்பா. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பது அவவுக்குத் தெரியாது. எதற்காக என்றும் தெரியாது. அது எனக்கு ஒரு குறையாகவே இருக்கிறது. அவவுக்குப் பதிலாக நீயாவது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே ஜெமீலை ஏற்றிப்போன அந்த டிசம்பர் பதினாறையும் எழுதி முடிக்கிறேன்.

ஜெமீலுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். நான் கதவு, ஜன்னல் எல்லாம் பூட்டி வைத்திருந்தேன். ஆட்கள் கேட்டால், மனிசன் பொத்துவிலுக்குப் போயிருக்கிறார் என்றேன். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், ஓதி ஊதினேன், ஆவி பிடிக்க வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி எப்படி வருவார் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குக் காலையில் அவருக்குக் கதைக்க முடியவில்லை. நெஞ்சு இழுக்கும் சத்தம் மட்டும்தான். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் அங்கும் இங்கும் நடந்தேன்.

உன் உம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினா. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தா.

"ராத்தா, ஜெமீல் காக்கா வீட்டதான் இரிக்காரு எண்டு எனக்குத் தெரியும். அவர்ட மூச்சு இஞ்ச கேக்குது. இப்பிடி வெச்சிரிந்தா ஆள் முடிஞ்சிரும். ஆம்புலன்சுக்கு அடிங்க."

"கொண்டு போய் எரிச்சிருவாங்க ஹாஜறா" என்றேன்.

"உசிரு தப்பினா ஏன் எரிக்கப் போறாங்க? அடிங்க ராத்தா. வேணுமெண்டா நானும் கூட வாறன்."

அவ அதைச் சொல்லாமல் இருந்திருந்தால், அவர் என் வீட்டில், என் மடியில் போயிருப்பார். ஆருக்கும் தெரியாமல் நம் மையவாடியில் ஒரு மூலையில் அடக்கியிருப்பேன். ஐந்து வருஷமாக இதைத்தான் யோசித்துப் பார்க்கிறேன், ஒவ்வொரு தரமும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. பேரும் விலாசமும் அவர்கள் என்னிடம்தான் கேட்டார்கள், நான்தான் சொன்னேன். எத்தனை நாள் காய்ச்சல் என்றும் சொன்னேன். ஆனால் ஜெமீலைக் கொடுத்தவள் நான் என்று யாராவது சொன்னால் நீ நம்பாதே மகன். அடி என்று சொன்னவள் ஹாஜறா. நம்பரை அமத்திய விரல் மட்டும்தான் என்னுடையது.